இந்தா, புடி

யார் கையும் சும்மா இருப்பதை அவரால் பார்க்க முடியாது. செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடிப் போர்ஷனில் அந்த அக்கா இருந்தார். அவரோடு பேசிக்கொண்டு நிற்பவர் பேச்சு முடிவதற்குள் எதையாவது பிடித்துக்கொண்டிருப்பார். தண்ணீர்க் குடம், ஸ்கூட்டர் சாவி, பாதி உரித்த பூண்டு, எதுவாகவும் இருக்கலாம். "இந்தா, புடி" என்பார். வேறு விளக்கம் கிடையாது. நாம் பிடித்துக்கொள்வோம், அவர் போய்விடுவார்.

எனக்கு முதலில் கிடைத்தது ஒரு எவர்சில்வர் டப்பா. அவர் குடிவந்த அன்று நான் ஏழு மாதக் கர்ப்பிணி. வண்டியிலிருந்து சாமான் இறங்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு கேட்டருகே நின்றேன். "நீ டீச்சரா? ஓனர் சொன்னாரு. இந்தா, புடி" என்று டப்பாவைத் தந்துவிட்டு பீரோவைத் தூக்கப் போய்விட்டார். மூடி கொஞ்சம் திறந்ததும்தான் அது கருவாடு என்று தெரிந்தது. எங்கள் வீட்டில் முட்டை வாடைகூட ஆகாது. என் அப்பா திருப்போரூர்க் கோயிலில் ஓதுவார். மாமியார் அவரைவிட ஒரு படி மேல். வாசற்படியில் நின்று அத்தை என்னைப் பார்க்கிறார். கீழே வைத்தால் மரியாதைக் குறைவாகுமோ, வைக்காவிட்டால் அத்தைக்குக் கோபம் வருமோ என்று யோசித்து யோசித்து, கடைசிச் சாமான் இறங்கும்வரை அந்த டப்பாவோடு நின்றேன். அத்தை அன்று என்னைக் குளிக்கச் சொன்னார். குளித்தேன்.

அவர் மத்திய மீட்புப் படையில் இருந்தார். விடிவதற்கு முன் அரக்கோணம் ரயிலைப் பிடிக்க ஓடுவார். சில வாரம் அங்கேயே தங்கிவிடுவார். வெள்ளம், கட்டட இடிபாடு, நிலச்சரிவு என்றால் எங்கேயாவது போய்விட்டு ஆரஞ்சு உடுப்பில் சேறோடு திரும்புவார். அச்சரப்பாக்கத்தில் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்களின் மகள். அந்த வீட்டில் முதலில் சம்பள உத்தியோகத்துக்கு வந்தவர் அவர், அவருக்குப் பிறகு தம்பி வங்கிக்குப் போனார். கணவர் வடநாட்டுக்கு லாரி ஓட்டினார். நான்கு வயது மகள் ஜெனியை அவருடைய அம்மா வந்து பார்த்துக்கொள்வார்.

ஏன் எல்லோர் கையிலும் எதையாவது கொடுக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்டு முடிப்பதற்குள் கிளிப் கூடை என் கைக்கு வந்துவிட்டது. "பயந்துகினு கீற ஆளு கையில எதுனா குடுத்துடணும் டீச்சர். டார்ச்சு குடு, கயிறு குடு, ஒன்னுமில்லையா, உன் தொப்பிய கயட்டிக் குடு. வாங்கிக்கினான்னா அப்பாலிக்கா நீ சொல்றத கேப்பான்." அப்படியானால் என்னையும் பயந்த ஆள் என்று நினைத்துத்தான் எல்லாம் கொடுத்தாரா என்று அன்று முழுக்க யோசித்தேன். பயந்த ஆள்தான். ஆனாலும் தெரிகிற அளவுக்கா?

தெரிகிற அளவுக்குத்தான். மகனுக்கு மூன்றாம் மாதத்தில் காய்ச்சல் கண்டபோது நான் கூடத்தின் நடுவில் நின்று அழுதேன். அவர் இறங்கி வந்தார். ஈரத்துணி கொடுத்தார், பிடித்தேன். பிளாஸ்க் கொடுத்தார், பிடித்தேன். குடை கொடுத்தார். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இடமில்லாமல் தவித்த நேரத்தில் ஸ்கூட்டரின் பின்சீட்டில், மருத்துவமனைக்குப் பாதி வழியில் இருந்தேன்.

மாமல்லபுரத்தில் நடந்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கடற்கரைக் கோயிலைத் தாண்டி மணலில் ஒரு பேரிடர் ஒத்திகை நடந்தது. இலங்கை, நேபாளம், வங்கதேசம், மாலத்தீவு என்று அக்கம்பக்கத்து நாடுகளின் மீட்பு அதிகாரிகளெல்லாம் வந்திருந்தார்கள். ஒரு நாட்டுக்குக் கஷ்டம் வந்தால் மற்றவர்கள் எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்று பழகும் ஒத்திகை. வேடிக்கை பார்க்க எங்களையும் கூப்பிட்டிருந்தார். பலூன் பறந்தது, ஹெலிகாப்டர் தாழ வந்து மணலை வாரி இறைத்தது, என் மகன் பயப்படுவான் என்று நினைத்தால் கைகொட்டினான். காயம்பட்டவர்களாக நடிக்கக் கல்லூரிப் பிள்ளைகள் வர வேண்டும். ஒரு பெண் வரவில்லை. அவர் கூட்டத்தைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார்.

"அம்மா, நீங்க கட்டடம் வியுந்து கால் ஒடஞ்ச ஆளு. வந்து படுங்க."

"நல்ல நாளும் அதுவுமா என்னை எதுக்கும்மா படுக்க வைக்கறே?" என்றார் அத்தை. "உக்காந்துக்கறேன்."

"சரி, உக்காருங்க. செருப்பு வியுந்துடும், கையில புடிங்க."

நான்கு நாட்டு அதிகாரிகள் ஆளுக்கு ஒரு முனையைத் தூக்க, ஸ்ட்ரெச்சரில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கையில் செருப்போடு, உற்சவமூர்த்தி வீதியுலா வருவதுபோல அத்தை மணலில் போனார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். திரும்பி வரும்போது பேருந்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமோ என்று எனக்குக் கலக்கம். பாதி வழி தாண்டியதும், "முன்னாடி தூக்கின பையன் இலங்கையாம். அவங்கம்மாவுக்கும் முழங்கால் வலியாம்" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில்தான் அந்தப் புயல் வந்தது. முதலில் இலங்கையில் இறங்கியது. மலைநாட்டில் மண் சரிந்தது, பாலங்கள் போயின, ஊர்கள் துண்டுபட்டன. பிறகு மெதுவாக வடக்கே ஏறி எங்கள் கரையைப் பார்த்து வர ஆரம்பித்தது. தொலைக்காட்சியில் ஒரு பக்கம் நம் விமானப்படை விமானத்தில் கூடாரமும் மருந்தும் அரிசி மூட்டையும் ஏற்றுகிறார்கள், கப்பல் கிளம்புகிறது, மோப்ப நாய்கள் வரிசையாக ஏறுகின்றன. இன்னொரு பக்கம் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு எச்சரிக்கை ஓடுகிறது. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாடியில் தடதடவென்று சத்தம். அவர் இறங்கி வந்தார். முதுகில் பெரிய பை, இடுப்பில் ஜெனி. இலங்கை போகும் குழுவின் பட்டியலில் அவர் பெயர் வந்துவிட்டது. அவருடைய அம்மா கண் அறுவை செய்துகொண்டு கட்டோடு அச்சரப்பாக்கத்தில் இருந்தார். கணவர் நாக்பூர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று சொன்னால் வேறு ஒருவரை அனுப்பிவிடுவார்கள்.

"இந்தா, புடி" என்றார்.

என் இடுப்பில் ஏற்கெனவே என் மகன், எட்டு மாதம். புயல் வருகிறது. ஏரி நிரம்பினால் எங்கள் தெருவில்தான் முதலில் தண்ணீர் நிற்கும். என் கணவர் மறைமலைநகரில் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் அத்தையும்தான். இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் என் கை நீண்டு ஜெனியை வாங்கிவிட்டது.

வீட்டு உரிமையாளர் வாசலில் நின்றிருந்தார். சும்மா இருப்பாரா? நம்ம ஏரியே ரொம்பிகினு கீது, இவங்க ப்ளேன் ஏறி ஊருக்கு உபகாரம் பண்ணப் போறாங்களாம் என்று காற்றைப் பார்த்துச் சொன்னார்.

"சார், உங்க வூட்டாண்ட தண்ணி வந்தா தூக்கறதுக்கு எங்காளுங்க இங்க நெறைய கீறாங்க" என்றார் அவர். "அந்த மலைத் தோட்டத்துல கீறவங்க தமிழ்தான் பேசுவாங்களாம். போற டீம்ல தமிழ் தெரிஞ்ச பொம்பள நான் ஒருத்திதான். வண்டி மழயில நனயுது, உள்ள ஏத்தி வெயுங்க. இந்தாங்க, புடிங்க."

சாவியைப் பிடித்துக்கொண்டு வீட்டு உரிமையாளர் நின்றார். ஆட்டோ கிளம்பிவிட்டது. ஜெனி அழவே இல்லை. அம்மா ப்ளேனில் போகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினாள். நான்தான் வெகுநேரம் வாசலிலேயே நின்றேன். பயத்தாலா, பெருமையாலா என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் மழை வலுத்தது. அதற்கு அடுத்த நாள் உச்சிப்பொழுதில், இரண்டு பிள்ளைகளுக்கும் பருப்புச் சாதம் பிசைந்துகொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கையெல்லாம் சாதம். ஸ்பீக்கரில் போட்டேன்.

"டீச்சர், ஜெனி துன்னுச்சா?"

இரைச்சலுக்கு நடுவே அவர் குரல். சாப்பிடுகிறாள் அக்கா என்றேன். அம்மா என்று ஜெனி கத்தினாள். "கண்ணு, அம்மா அப்பறம் பேசறேன். டீச்சர், நீ இப்ப ஒரு வேல செய்யணும்."

மூச்சு வாங்கச் சொன்னார். தேயிலைத் தோட்டத்தில், சரிவை ஒட்டி லயம் என்கிற வரிசை வீடுகள். மேலே மண் இறங்கிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்தவர்களையெல்லாம் பாறை மேட்டின் மேல் இருக்கும் மாரியம்மன் கோயிலில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பாலம் போய்விட்டதால் போக வேறு இடம் கிடையாது. கடைசி வீட்டில் ஒரு பெண், கையில் பச்சைக் குழந்தை. கூப்பிட்டால் வரவில்லை. காரணமும் சொல்லவில்லை. வழுக்கும் ஒற்றையடிப் பாதை. கயிற்றைப் பிடித்து அவளே நடந்து வந்தால்தான் உண்டு. முரண்டு பிடிப்பவளை இழுத்துக்கொண்டு போனால் எல்லோரும் உருண்டுவிடுவார்கள்.

"நானும் கத்திப் பாத்துட்டேன். கயிறு குடுத்தேன், டார்ச்சு குடுத்தேன், எதையும் வாங்க மாட்டேங்குது. நான் பேசனா மொறைக்குது. நீதான் நல்லா பேசுவியே. இந்தா, புடி."

என்னிடம் சொன்னாரா, போனை அவளிடம் நீட்டினாரா, தெரியவில்லை. இரைச்சல் மாறியது. ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சிசுவின் அழுகை. அந்த வயதில் மட்டும் வரும் கீச்சென்ற அழுகை.

என்ன பேசுவது? பேரிடர் பற்றி எனக்கு என்ன தெரியும்? எங்கள் வீட்டுக் குழாய் உடைந்தாலே பதறுகிறவள். வாயில் வந்ததைக் கேட்டேன்.

"பாப்பாவா, தம்பியா?"

"தம்பி."

"பேர் வச்சாச்சா?"

"இல்லக்கா." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தீட்டு இன்னும் கழியல்ல."

எனக்கு விளங்கிவிட்டது. முழுவதும், ஒரே நொடியில் விளங்கிவிட்டது. அக்கா ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர், இது அவருக்குத் தோன்றியிருக்காது. சுற்றி நிற்கும் ஆண்களிடம் அந்தப் பெண்ணால் சொல்லவும் முடியாது. அக்காவைத் தவிர மற்ற எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல் என்றேன். சொன்னாளோ என்னவோ, காலடிகள் விலகின.

"எல்லாரும் கோயில்லதான் இருக்காங்க" என்றாள். "நான் இந்த ஒடம்போட எப்படிக்கா அங்க வாரது? எனக்கு ஏலாது. ஏற்கெனவே இவ்வளவு வந்திருக்கு. நான் உள்ள போய், அதுக்கப்புறம் யாருக்காவது ஒன்னு ஆச்சுன்னா, என்னாலதான்னு சொல்லுவாங்க. நாளைக்கு இவனுக்கு ஒன்னு ஆச்சுன்னா நானே அப்படித்தான் நெனைப்பேன்."

சாமி கோபிக்காது என்று சொல்லலாம். நானே நம்பாததை அவள் எப்படி நம்புவாள்? மகன் பிறந்தபோது பூஜை அறைப் பக்கம் திரும்பாமல், தனி டம்ளரில் குடித்து, தனிப் பாயில் படுத்து, நாற்பது நாளும் அத்தை சொன்னபடி இருந்தவள் நான். ஒரு விதியையும் மீறவில்லை. மீறினால் இவனுக்கு என்னவாகுமோ என்ற பயம்தான் காரணம், அவளுக்கு இருக்கிற அதே பயம். அத்தை அடுப்படி வாசலில் வந்து நிற்பது தெரிந்தது. ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டிருக்கும்.

போனில் தூரத்தில் யாரோ இந்தியில் அவசரப்படுத்தினார்கள். கல் உருளும் சத்தம் கேட்டது. அல்லது கேட்டது என்று நினைத்தேன்.

"இங்க பாரும்மா" என்றேன். "எங்கப்பா முருகன் கோயில்ல ஓதுவார். நான் கோயிலடியில வளர்ந்தவ. தோஷம் உண்டா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இருந்தா அது எனக்கு வரட்டும். உள்ளே போகச் சொன்னது நான்தானே? சொன்னவளுக்குத்தான் வரும். அதை என்கிட்ட குடுத்துடு. நீ தம்பியை மட்டும் தூக்கிட்டுப் போ."

அவள் சிசுவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ஒங்களுக்கும் புள்ள இருக்காக்கா?"

"இருக்கான். எட்டு மாசம்."

அவன் என் மடியில்தான் இருந்தான். என் விரலிலிருந்த சாதத்தை நக்கிக்கொண்டிருந்தான். அவன் இருப்பதைச் சொன்ன பிறகுதான், நான் என்ன வாங்கிக்கொண்டேன் என்பது எனக்கு உறைத்தது.

"சரிக்கா" என்றாள். துணி உரசும் சத்தம் கேட்டது. அக்காவின் குரல் கிட்டே வந்தது. "கயிற வாங்கிக்கிச்சு டீச்சர். வையி." தொடர்பு அறுந்தது.

அன்று பிற்பகல் என்னென்ன செய்தேன் என்று ஒழுங்காக நினைவில்லை. மகனின் நெற்றியைத் தொட்டேன், கழுத்தைத் தொட்டேன், உள்ளங்காலைத் தொட்டேன். சூடாக இருக்கிறதா? என் கை சூடா? ஜெனியின் நெற்றியையும் தொட்டேன். அவன் ஒரு தடவை தும்மினான், எனக்கு உயிர் போய் வந்தது. வெளியே தெருவில் தண்ணீர் ஏறி கேட்டைத் தொட்டது. வீட்டு உரிமையாளர் ஸ்கூட்டரைத் தன் வராந்தாவுக்கே ஏற்றிவிட்டு, தேவைப்பட்டால் மாடிக்குப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் அழைத்து, பஸ் ஓடவில்லை, நடந்து வருகிறேன் என்றார். புயலைப் பற்றி எனக்குக் கவலையே இல்லாமல் போனது. அந்தப் பாதையைத்தான் நினைத்தேன். அவள் ஏறியிருப்பாளா, நடுவழியில் மனம் மாறியிருப்பாளா, நான் சொன்னது சரியா, இன்னும் நல்ல வார்த்தை இருந்ததா.

நான் சொன்னது அத்தையின் காதில் விழுந்தது. அவருடைய பேரன் தலைமேல் நான் அந்தத் தோஷத்தை இழுத்துவிட்டதும் விழுந்தது. பால் காய்ச்சினார். விளக்கேற்றினார். ஜெனிக்குத் தலை பின்னிவிட்டார். அதற்குப் பதில் என்னைத் திட்டியிருக்கலாம்.

விளக்கேற்றிக் கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது. நான் பாய்ந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"பசங்க ரெண்டும் இன்னா பண்ணுதுங்க?"

"அக்கா, அவங்க?"

"ஏறிடுச்சிம்மா. புள்ளய என்கிட்ட குடுக்கவேயில்ல. ஒரு கையில புள்ள, ஒரு கையில கயிறு, எனக்கு முன்னாடி போவுது. நான்தான் வழுக்கி வியுந்தேன்." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அந்த லயம் இப்ப இல்ல டீச்சர். நாலு மணிக்கு வந்து எல்லாத்தையும் வாரிகினு போயிடுச்சி. இருந்த எடம் தெரியல."

மகனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். கோயிலுக்குள் போனாளா என்று கேட்டேன். வாசற்படியில் நின்றுவிட்டாளாம். உள்ளே இருந்த பெண்கள் பார்த்தார்களாம். அக்கா வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாளாம், இந்தியாவில் ஒரு அக்கா இதை ஏற்றுக்கொண்டிருக்கிறாள் என்று. ஒரு கிழவி எழுந்து வந்து இடம் விட்டாளாம். இதைச் சொல்லிவிட்டு, "யாரு, இன்னாத்த ஏத்துகிச்சு? எனக்கு ஒன்னும் வெளங்கல" என்றார் அக்கா.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பதில் சொல்லுமுன் அத்தை வந்து என் எதிரே நின்றார். கையை நீட்டி என் மடியிலிருந்து மகனை வாங்கிக்கொண்டார். அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தோளில் சாய்த்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு வெறுந்தரையிலயா படுத்திருக்கா?" என்றார். "கருங்கல் தரையா இருக்கும், சில்லுனு ஏறும். பச்சை உடம்பு. பாய் இருக்கான்னு கேளு."

கேட்டேன்.

பாய் இல்லையாம். நம் விமானத்தில் வந்த போர்வைகள் கீழ் ஊர்வரை வந்து நிற்கின்றன, காலையில்தான் மேலே ஏறும் என்றார் அக்கா. ஆனால் பூசாரி கருவறைக்குள் போய் அம்மன் சேலைகளை எடுத்து வந்துவிட்டாராம். ஒன்றை மடித்துத் தரையில் விரித்து, ஒன்றைத் தம்பிக்குச் சுற்றியிருக்கிறார்களாம். நன்றாகத் தூங்குகிறானாம்.

அத்தை மகனைத் தட்டிக்கொண்டே கூடத்தில் இரண்டு நடை நடந்தார். வெளியே மழை ஓங்கி அடித்தது. பிறகு திரும்பி என் பக்கம் வந்து, போனுக்கு அருகே குனிந்தார்.

"என்ன கலர் புடவையாம்?" என்றார்.